காலில் இருப்பது ஆணி அல்ல. பிளேடைக் கீழே வையுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அப்பா வாசற்படியில் உட்காருகிறார். தண்ணீரில் ஊறிய பாதத்துத் தோல் வெளுத்துக் கிடக்கிறது. சவரத்துக்கு வாங்கிய பிளேடைப் பாதியாக உடைத்து எடுத்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, சுண்டுவிரலுக்குக் கீழே தடித்திருக்கும் இடத்தைச் சீவ ஆரம்பிக்கிறார். விரித்து வைத்த பழைய நாளிதழில் தேங்காய்த் துருவல்போல வெள்ளைச் செதில்கள் விழுகின்றன. “அந்த ஆணி வேரோட வந்துட்டா போதும்” என்கிறார். இரத்தம் எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் மஞ்சள் தூளை வைத்து அழுத்திக்கொள்கிறார். வைத்தியம் முடிந்தது.

தோட்டத்து லயத்து வீடானாலும் தாமான் வீடானாலும், பலர் பார்த்து வளர்ந்த காட்சிதான் இது. இரண்டு வாரம் வலியில்லாமல் நடப்பார். மூன்றாம் வாரம் அதே இடத்தில் அதே குத்தல். மறுபடியும் பிளேடு.

கால் ஆணி உயிரைக் குடிக்கிற நோய் இல்லை. ஆனால் அதை எடுக்கப் போய் புண்ணாக்கி, அந்தப் புண் ஆறாமல் விரலையே இழந்தவர்கள் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மிக அதிகம். நம் சமூகத்தில் இனிப்பு நீர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்பதால், இந்தச் சின்ன விஷயத்தை விளக்கமாகவே பார்த்துவிடலாம்.

மீன் கண், கோழிக் கண், ஆணி

மலாய்க்காரர்கள் இதை ‘மாத்தா இக்கான்’ என்கிறார்கள், மீனின் கண். சீனர்களுக்கு இது கோழியின் கண். நடுவில் புள்ளியும் சுற்றிலும் வளையமுமாகத் தெரிவதைப் பார்த்து வைத்த பெயர்கள். ஆங்கிலத்தில் ‘கார்ன்’ என்று சொல்வதற்கும் சோளத்துக்கும் தொடர்பில்லை. கொம்பைக் குறிக்கும் ‘கோர்னு’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் மட்டும் தோற்றத்தை விட்டுவிட்டு வலிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் போலும். காலடியில் ஆணி ஏறியதுபோல் குத்துகிறது, ஆகவே கால் ஆணி.

பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அந்தப் பெயரே ஒரு தவறான எண்ணத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. ஆணி என்றால் வெளியிலிருந்து உள்ளே ஏறிய பொருள். பிடுங்கி எடுத்தால் தீர்ந்துவிடும். இதற்கு ‘வேர்’ இருப்பதாகவும், அந்த வேரைத் தோண்டி எடுத்தால் திரும்ப வராது என்றும் பலர் நம்புவது இதனால்தான்.

கால் ஆணிக்கு வேர் கிடையாது. அது வெளியிலிருந்து வந்ததும் இல்லை. நம்முடைய சொந்தத் தோல்தான் ஓர் இடத்தில் அளவுக்கு மீறித் தடித்து, கெட்டியாகி, உள்நோக்கி அழுத்துகிறது.

தோலின் ஆக மேல் அடுக்கு இறந்த செல்களால் ஆனது. நகமும் மாட்டுக் கொம்பும் எதனால் ஆனவையோ அதே கெராட்டின் என்னும் புரதம்தான் அந்தச் செல்களில் நிறைந்திருக்கிறது. அடியில் புதிய செல்கள் பிறந்து, மெல்ல மேலே வந்து, காய்ந்து, நமக்குத் தெரியாமலே உதிர்ந்துவிடும். இதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஒரே இடத்தில் நாள்தோறும் அழுத்தமும் உராய்வும் விழுந்துகொண்டே இருந்தால், உடம்பு அந்த இடத்தைக் காப்பாற்றப் பார்க்கும். செல்களை வேகமாக உருவாக்கும். பழையவை உதிராமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மண்வெட்டி பிடித்தவரின் உள்ளங்கை காய்த்துப் போவதும் இப்படித்தான். மரம் காய்ப்பதற்கும் கை காய்ப்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான் இருக்கிறது.

அழுத்தம் பரவலாக விழுந்தால் தடிப்பும் பரவலாக இருக்கும். முன்பாதத்திலும் குதிகாலிலும் மஞ்சளோடிய நிறத்தில், ஓரம் இன்னதென்று தெரியாமல் தடித்துக் கிடப்பது இந்தக் காய்ப்பு. பெரும்பாலும் வலிக்காது. ஆனால் குறுகிய ஒரே புள்ளியில் அழுத்தம் குவிந்தால் தோல் அகலமாகத் தடிக்காமல் ஆழமாக இறங்கும். கூம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுபோல, அகன்ற பக்கம் மேலேயும் கூரான பக்கம் உள்ளேயுமாக இருக்கும். அந்தக் கூர்முனை கீழே இருக்கும் நரம்பை அழுத்தும்போதுதான் செருப்புக்குள் கல் மாட்டியதுபோல் சுரீரென்கிறது. இதுதான் ஆணி.

அப்பாவின் பிளேடு ஏன் இரண்டு வாரத்துக்கு மேல் பலன் தருவதில்லை என்பது இப்போது விளங்கும். அவர் சீவி எடுத்தது தோலை. அந்தத் தோலைத் தடிக்க வைத்த அழுத்தம் திங்கட்கிழமை காலை அதே காலணியில் அவருக்காகக் காத்திருக்கிறது.

எல்லாத் தடிப்பும் ஆணி அல்ல

விரல்களின் மேல்புறத்திலும் சுண்டுவிரலின் வெளிப்பக்கத்திலும் வருவது கெட்டி ஆணி. சின்ன பட்டாணி அளவில், நடுவில் கண்ணாடிபோல் பளபளக்கும் மையத்தோடு இருக்கும். விரல்களுக்கு இடையில், பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வருவது மென் ஆணி. வியர்வையில் ஊறி வெள்ளையாக, ரப்பர்போல் நசுங்கும். இதைச் சேற்றுப்புண் என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பைத் தடவி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பாதத்தின் அடியில் கசகசா விதைபோலப் பொடிப்பொடியாக வருவதும் ஒரு வகை ஆணிதான்.

பள்ளிப் பிள்ளையின் பாதத்தில் ஆணி வந்துவிட்டதாக யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். சிறுவர்களுக்குப் பாதத்தில் வருவது பெரும்பாலும் மருவாக இருக்கும். மரு, எச்.பி.வி. என்ற கிருமியால் வருவது, தொற்றக்கூடியது. பிளேடால் சீவினால் மற்ற இடங்களுக்கும் பரவலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நேராக மேலிருந்து அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி. இருபுறமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு. கூர்ந்து பார்த்தால் மருவில் எள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அடைத்துப்போன நுண் இரத்தக் குழாய்கள் அவை. மேலும், பாதத்து ரேகைகள் காய்ப்பின் மேலாகத் தொடர்ந்து ஓடும். மருவின் மேல் ஓடாமல் அதைச் சுற்றி விலகிப் போகும்.

அரிதானது என்றாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாதத்திலோ நகத்தடியிலோ ஒழுங்கற்ற ஓரத்தோடு ஒரு கறுப்புத் திட்டு தோன்றி மெல்ல அகன்றுகொண்டே போனால், அதைக் காய்ப்பு என்றோ அடிபட்ட இரத்தக் கட்டு என்றோ விட்டுவிடக்கூடாது. பாடகர் பாப் மார்லியின் கால்விரலில் இருந்தது பந்து விளையாட்டில் பட்ட அடி என்றுதான் முதலில் எண்ணப்பட்டது. அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய். 1981இல் அவர் இறந்தபோது வயது 36.

வேலை செய்யும் இடம் காலில் தெரியும்

ஒருவரின் பாதத்தைப் பார்த்தே அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

பால்மரக் காட்டுக்கு விடியும் முன்னே போகிறவர்கள் அணிவது, ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் கறுப்பு ரப்பர் காலணி. விலை மலிவு, வழுக்காது, கழுவினால் உடனே காய்ந்துவிடும். மலையேறும் நகரத்து இளைஞர்கள்கூட இப்போது அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் உள்ளே மெத்தை கிடையாது. காலுறை இல்லாமல் போட்டால் வியர்வையில் பாதம் உள்ளே வழுக்கிக்கொண்டே இருக்கும். மேடும் பள்ளமுமான சரிவில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடையாய் நடக்கும்போது, பெருவிரலின் பக்கவாட்டிலும் முன்பாதத்திலும் அந்த உராய்வு விழுகிறது. செம்பனைக் குலை அறுப்பவர்களின் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சிலும் இதே கதைதான். பெரும்பாலும் ஓர் அளவு பெரிதாகவே வாங்குகிறார்கள். குதிகால் ஒவ்வோர் அடிக்கும் தூக்கிப் போடப்படுகிறது.

நகரத்துக் கதை வேறு. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பாதுகாவலர், இரும்பு முனை வைத்த காலணியோடு தொழிற்சாலையில் நடக்கும் தொழிலாளி, கூர்முனைக் காலணியில் நாள் முழுதும் சிரித்த முகமாக நிற்கும் கடைப் பெண் என ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் தடிக்கும். குதி உயர்ந்த காலணி உடலின் எடையை முன்பாதத்துக்குத் தள்ளிவிடும். முனை குறுகிய காலணி விரல்களை மடக்கி வைக்கும். மடங்கிய விரலின் முட்டி மேல்தோலில் உரசும். அந்த முட்டியின் உச்சியில் ஆணி வரும்.

இரவுச் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு வாங்கும் ஜப்பான் சிலிப்பர் விரலை நெருக்குவதில்லை. ஆனால் அது கழன்றுவிடாமல் இருக்க, ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் சுருண்டு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பின்பக்கம் திறந்திருப்பதால் குதிகால் தோல் காய்ந்து பாளமாக வெடிக்கும். பல மாதம் மிதித்து அடிப்பாகம் தாள்போல் தேய்ந்த சிலிப்பர் வெறுங்காலுக்குச் சமம்.

காலணிக்குத் தொடர்பில்லாத ஒரு காய்ப்பும் நம்மவர்களிடம் உண்டு. கணுக்காலின் வெளிப்புற எலும்பின்மேல் கறுத்துத் தடித்திருக்கும் வட்டம். கோயிலிலும் வீட்டிலும் வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பழகியவர்களுக்கு வருவது. வலிக்காது, கெடுதலும் இல்லை. பாய்க்கு மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தால் மெல்லக் குறையும்.

வயதும் ஒரு காரணம். பாதத்தின் அடியில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்பு வயதாக ஆக மெலியும். எலும்பு தோலுக்கு நெருங்கி வரும். நேற்றுவரை உறுத்தாத காலணி அறுபது வயதில் உறுத்த ஆரம்பிப்பது இதனால்தான்.

இனிப்பு நீர் உள்ள பாதம்

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இனவாரியாகப் பார்த்தால் இரண்டிலும் இந்தியர்களே முன்னால் நிற்கிறார்கள். அதுவும் தனக்கு இருப்பது தெரியாமலே நடமாடுகிறவர்கள் பலர். இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும், இந்தப் பகுதியை வீட்டில் உள்ள பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுவது நல்லது.

சர்க்கரை நீண்ட காலம் கட்டுப்பாட்டில் இல்லாதபோது பாதத்துக்கு மூன்று விதத்தில் கேடு வருகிறது. நரம்புகள் மரத்துப்போய், குத்துவதும் சுடுவதும் தெரியாமல் போகின்றன. இரத்தக் குழாய்கள் குறுகி, காயம் ஆறத் தேவையான இரத்தம் வந்து சேர்வதில்லை. கிருமியை எதிர்க்கும் வலுவும் குறைந்துவிடுகிறது. சின்னக் கீறலும் பெரிய புண்ணாவது இந்த மூன்றும் சேரும்போதுதான்.

இங்கேதான் காய்ப்பு வேறு முகம் காட்டுகிறது. சாதாரணமாகக் காலில் ஆணி இருந்தால் நொண்டி நொண்டியாவது அந்த இடத்தை ஊன்றாமல் தவிர்ப்போம். வலி நமக்குக் காவல்காரன். வலி தெரியாதவர் அந்தக் காய்ப்பின் மேலேயே முழு எடையோடு நடந்துகொண்டிருப்பார். கெட்டித்த தோல் காலடியில் வைத்த கல்லைப்போல உள்ளிருக்கும் சதையை நசுக்கும். மேலே பார்த்தால் வெறும் காய்ப்பு. அடியில் சதை சிதைந்து புண்ணாகியிருக்கும். நீரிழிவு உள்ளவர்களின் காய்ப்பை முறையாக நீக்கியபோது அந்த இடத்தில் விழும் அழுத்தம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 1992இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படியென்றால் காய்ப்பை நீக்கத்தான் வேண்டும். ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து அவரே நீக்கக்கூடாது.

காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அது உள்ளே இரத்தம் கசிந்ததன் அடையாளம். காலுறையில் ஈரக்கறை, கெட்ட வாடை, ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, சிவப்பு மேல்நோக்கிப் படர்வது, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த மாத ‘அப்பாய்ண்ட்மென்ட்’ வரட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவானது. தாத்தாவைக் கட்டிலில் படுக்க வைத்து கண்ணை மூடச் சொல்லுங்கள். வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில், விரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு வினாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஒரு விரலை இரண்டு முறை தொடவும் கூடாது. உணர்ந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். இந்த ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அவருடைய பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பூண்டு, சுண்ணாம்பு, எருக்கம்பால்

பிளேடை விட்டால் அடுத்து வருவது கைவைத்தியம். பூண்டை நசுக்கி இரவெல்லாம் கட்டி வைப்பது, வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துப் போடுவது, எருக்கம்பாலைச் சொட்டுவது. இவற்றால் தோல் உரிவது உண்மைதான். சுண்ணாம்பு காரம், தோலை வேகவைத்துவிடும். பச்சைப் பூண்டைக் கட்டி வைத்து கொப்புளம் எழும்பிய புண்களும், எருக்கம்பாலால் வெந்த தோலும் மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல. அளவும் இல்லை, எல்லையும் இல்லை என்பதுதான் இவற்றில் உள்ள சிக்கல். ஊசி, நகவெட்டி, தீக்குச்சியால் சுடுவது எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும்.

மருந்துக்கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரும் ஓர் அமிலம்தான். சாலிசிலிக் அமிலம் அதில் 40 விழுக்காடு வரை இருக்கும். நல்ல தோல் எது, தடித்த தோல் எது என்று அதற்குத் தெரியாது. பட்ட இடத்தைக் கரைக்கும். நீரிழிவோ இரத்த ஓட்டக் குறைவோ இல்லாதவர்கள் அதைக் கவனமாகப் பயன்படுத்தலாம். ஆணியின் அளவுக்கே பிளாஸ்டரை வெட்டி, சுற்றியுள்ள தோலில் வாஸ்லின் தடவிக் காப்பாற்றிக்கொண்டு ஒட்ட வேண்டும். பொதுவாக 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள்; 14 நாளைத் தாண்டக்கூடாது. எரிச்சல் கூடினால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் இந்தப் பிளாஸ்டரைத் தொடவே கூடாது. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் ஏற்றது என்று பொருளில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

நீரிழிவு இல்லாதவர்களுக்கு வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊற வையுங்கள். நுரைக்கல்லால் ஒரே பக்கமாக மெல்லத் தேய்த்து, மேல் அடுக்கை மட்டும் நீக்குங்கள். ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று இரத்தம் வரும்வரை தேய்க்கக்கூடாது. துடைத்துக் காயவைத்து, யூரியா கலந்த களிம்பைத் தடவுங்கள். களிம்புக் குழாயில் 10 முதல் 25 விழுக்காடு யூரியா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். விரல்களின் இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். இப்படியே சில வாரம் செய்தால் காய்ப்பு கரைந்துவிடும்.

ஆனால் இதுவும் பிளேடு மாதிரியே வீணாகாமல் இருக்க, அழுத்தத்தை நீக்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள வளைய வடிவப் பட்டையை ஆணியைச் சுற்றி ஒட்டினால் எடை அந்தப் புள்ளியை விட்டு விலகிவிடும். மென் ஆணிக்கு, விரல்களுக்கு இடையில் சிலிக்கோன் பிரிப்பானையோ சிறிதளவு பஞ்சையோ வைக்கலாம். கால்நகத்தை அளவாக வெட்டி வைத்தாலே சில சமயம் போதும். நீண்ட நகம் காலணியில் இடித்து விரலை மடங்க வைக்கிறது.

காலணி வாங்கும்போது மாலையில் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்தது மாலையில் நெருக்கும். கடைக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத் தாளில் எழுந்து நின்றபடி பாதத்தைப் பதித்து, பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் காலணிக்குள் நுழைத்தால் ஓரம் மடங்குகிறதா? அந்தக் காலணி வேண்டாம். ஆக நீண்ட விரலுக்கும் காலணி முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். ரப்பர் காலணியும் பூட்சும் போட்டே ஆக வேண்டியவர்கள் தடித்த காலுறை அணிந்து, உள்ளே ஒரு மெத்தைத் தகட்டையும் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு இடம் இருக்கும் அளவில் பூட்ஸ் வாங்கினால் குதிகாலும் தூக்கிப் போடாது.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சட்டம் வேறு. ஊற வைப்பதும் தேய்ப்பதும் வேண்டாம். நாள்தோறும் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, பாதத்தின் அடியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண் மங்கியிருந்தால் பேரப்பிள்ளையிடம் சொல்லலாம். காலணிக்குள் கால் விடும் முன் கையை விட்டுத் துழாவுங்கள். சிறு கல்லோ ஆணியோ உள்ளே கிடந்தால், மரத்த கால் அதைச் சொல்லாது.

வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது என்பதுதான் நம்மவர்களுக்குக் கடினமாகத் தோன்றும் அறிவுரை. வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டி முகம் சுளிப்பார். வெளியே போகாத ஒரு சோடியைத் தனியாக வாங்கி வைத்து, இது வீட்டுக்கு மட்டும் என்று சொல்லிப் பழக்கலாம்.

கோயில் விஷயம் இதைவிடச் சங்கடமானது. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரதத்தோடு வெறுங்காலில் நடந்து, பத்துமலையில் 272 படி ஏறுவதை ஆண்டுதோறும் வேண்டுதலாக வைத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான தார்ச்சாலையும் கண்ணாடித் துண்டும் பெரிய ஆபத்து. தீமிதிக்கு அது பல மடங்கு. வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்ற முடியுமா என்று குருக்களிடம் கேட்பதில் குறை ஒன்றும் இல்லை. கேட்ட பிறகும் நடந்தே தீருவேன் என்கிற அப்பாவிடம், வெயில் ஏறும் முன் நடக்கும்படியும், வீட்டுக்கு வந்ததும் வேறு ஒருவரிடம் பாதத்தைக் காட்டும்படியும் கேட்டுக்கொள்ளலாம்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்

“இந்த ஆணிக்குப் போயி கிளினிக்கா?” என்பதுதான் வழக்கமான பதில். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். மருத்துவரோ பயிற்சி பெற்ற தாதியரோ கிருமி நீக்கிய கத்தியால் தடித்த தோலை அடுக்கடுக்காகச் சீவி எடுப்பார்கள். அது இறந்த தோல் என்பதால் சரியாகச் செய்தால் வலிக்காது. மரத்துப்போக ஊசி போட வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. எழுந்து நடக்கும்போதே வித்தியாசம் தெரியும். அப்பா பிளேடால் செய்வதும் அதுதானே என்று கேட்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை, கிருமி இல்லாத கத்தி, சீவியபின் அடியில் புண் இருக்கிறதா என்று பார்க்கும் கண் ஆகிய மூன்றும் வாசற்படியில் இல்லை.

பெருவிரல் மூட்டு புடைத்திருந்தாலோ விரல் நிரந்தரமாக மடங்கியிருந்தாலோ, காலணிக்குள் வைக்கும் பிரத்தியேகத் தகடு தேவைப்படலாம். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்குத்தான். அதுவும் ஆணியை வெட்ட அல்ல, அழுத்தம் தரும் எலும்பைச் சரிசெய்ய. பெரிய நகரங்களில் பொடியாட்ரிஸ்ட் எனப்படும் பாத நிபுணர்களும் இருக்கிறார்கள்.

நீரிழிவுச் சிகிச்சையில் இருப்பவர்களின் பாதத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். கூட்டம் அதிகமுள்ள நாளில் இரத்தமும் மாத்திரையும் பார்த்ததோடு அனுப்பிவிடக்கூடும். அப்படி நடந்தால் நீங்களே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். காலணியையும் காலுறையையும் கழற்றி, காலைத் தூக்கிக் காட்டி, ‘மாத்தா இக்கான்’ என்று சொன்னால் போதும். அங்கே இருக்கும் எல்லாருக்கும் புரியும்.